தொழில்நுட்பக் கல்லூரி புகுந்த பண்டிதர்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் பக்கம் ஒன்று. ஞாயிறு படும் பக்கம் மற்றொன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அவ்வாவியை அம்பிளாந்துறை, மண்முனைத்துறை, குருமண்வெளித்துறை முதலிய துறைகளிலே தோணியேறிக் கடப்பது அவர்க்குப் பழைய வழக்கம். எழுவான்கரையிற் குடியிருப்பவன் படுவான்கரையில் வயல் செய்வான். காலையிற் போய் மாலையில் மீள்வான். அவனை ஊர் மாறியவன் என்று எவரும் சொல்வதில்லை.

தமிழிலே துறை என்னுஞ் சொல் தோணி கட்டும் இடத்தையும் குறிக்கும். கல்வியின் பகுதியையும் குறிக்கும். தோணித்துறை மாறுவோரைக் குறை கூறாத உலகம், கல்வித்துறை மாறுவோரை மட்டும் ஐயத்தோடு நோக்குகின்றது. கலை பயின்ற மாணாக்கன் ஒருவன் தொழில்நுட்பம் பயிலப் போகிறேன் என்றால், படித்த காலம் வீணாயிற்றே என்று பெற்றோர் கலங்குகின்றனர். இயலாமையினாற் போகிறான் என்று அயலார் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய்வதற்கு, அவ்வாவிப் புறத்தின் வரலாற்றிலேயே தக்கதோர் எடுத்துக்காட்டு உண்டு. அது சுவாமி விபுலானந்தர் என உலகம் போற்றும் மயில்வாகனனாரின் மாணவப் பருவ வரலாறாகும்.

வாவியின் தென்கோடிக்கு அப்பால், கடலோரத்திலே அமைந்த காரைதீவு என்னும் ஊரில், 1892ஆம் ஆண்டிலே, சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாக மயில்வாகனனார் பிறந்தார். இளமையிலே தமிழ் இலக்கண இலக்கியங்களை ஊரிற் கற்றார். கல்முனையிலே மெதடிஸ்த சபையாரின் பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பு நகரிலே கத்தோலிக்கக் குருமாரின் புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். 1908ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். அப்பொழுது அவர்க்கு வயது பதினாறு. அதன்பின் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். 1911, 1912ஆம் ஆண்டுகளிலே கொழும்பு நகரின் ஆங்கில ஆசிரிய கலாசாலையிலே பயிற்சி பெற்று மீண்டு, புனித மிக்கேல் கல்லூரியிலே ஆசிரியராக அமர்ந்தார்.

அக்காலத்து மட்டக்களப்பிலே, ஆங்கிலம் கற்றுப் பயிற்சியும் பெற்ற ஓர் ஆசிரியர்க்கு இருந்த மதிப்பு சிறிதன்று. மாதந்தோறும் சம்பளம் வரும். ஊரிலே செல்வாக்கு உண்டு. தமிழ் நூல்களை மேலும் கற்க ஓய்வும் கிட்டும். வாழ்க்கை அமைந்துவிட்டது என்று எவரும் சொல்லத்தக்க நிலை அது. அந்நிலையிலிருந்தே 1915ஆம் ஆண்டில் மயில்வாகனனார் மீண்டும் கொழும்புக்குப் புறப்பட்டார். இம்முறை அவர் புகுந்த இடம் ஆசிரிய கலாசாலை அன்று. மருதானையிலிருந்த அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. இருபத்துமூன்று வயதிலே, கற்பித்துக்கொண்டிருந்தவர் மாணாக்கர் வரிசையிலே மறுபடியும் சென்றமர்ந்தார். செய்யுளும் இலக்கணமும் பயின்ற கையிலே பரிசோதனைக் குழாயை ஏந்தினார்.

அக்கல்லூரியின் இயல்பை இங்கு அறிந்துகொள்ளுதல் வேண்டும். அது 1893ஆம் ஆண்டிலே நிறுவப்பெற்றது. இலங்கையிலே அன்று பல்கலைக்கழகம் இல்லை. பல்கலைக்கழகக் கல்லூரி 1921ஆம் ஆண்டிலும், இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டிலுமே தோன்றின. பட்டம் பெற விரும்புவோர் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கு இங்கிருந்தே தோற்றினர். வரலாறு, மொழி போன்ற பாடங்களைப் புத்தகங்களைக் கொண்டு ஒருவர் தாமே பயிலலாம். இரசாயனமும் பௌதிகமும் அவ்வாறு பயிலத்தக்கன அல்ல. தராசும் அமிலமும் அடுப்பும் கருவிகளும் வேண்டும். பிழைத்தபோது திருத்துதற்கு அருகில் ஆசிரியர் வேண்டும். இவையெல்லாம் ஒருங்கே கிடைத்த மிகச் சில இடங்களிலே மருதானைக் கல்லூரியும் ஒன்று.

மயில்வாகனனார் அங்குப் பெற்றது பொறியியற் பட்டம் அன்று. விஞ்ஞானத்தில் டிப்ளோமா ஆகும். அதனை அவர் 1916ஆம் ஆண்டிலே பெற்றார். அதே 1916ஆம் ஆண்டிலேதான் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் அவர் சித்தியெய்தினார். 1901ஆம் ஆண்டிலே பாண்டித்துரைத் தேவரால் நிறுவப்பெற்ற அச்சங்கத்தின் பண்டிதர் பரீட்சை, இலக்கண இலக்கியங்களில் ஆழ்ந்த பயிற்சியை வேண்டி நிற்பது. பகலிலே இரசாயன சாலையில் வேலை. எஞ்சிய பொழுதிலே தமிழ் நூற்பயிற்சி. கொழும்பிலே தென்கோவைக் கந்தையாபிள்ளை போன்ற தமிழறிஞர்களின் தொடர்பும் அவர்க்குத் துணையாயிற்று.

ஒரே ஆண்டிலே கிடைத்த இவ்விரு தகுதிகளையும் சேர்த்துப் பார்க்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். புதிய துறையிலே புகுந்தவர் பழைய துறையைக் கைவிடவில்லை. புதிய துறை பழையதன் இடத்தைப் பறிக்கவுமில்லை. தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்தமையால் அவரது தமிழ் குன்றியிருக்குமாயின், அவ்வாண்டிலேயே பண்டிதர் பரீட்சை அதனைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

இதன்பின் அவர் வாழ்க்கை விஞ்ஞான வழியிலே சிறிது தூரம் சென்றது. 1917ஆம் ஆண்டிலே அக்கல்லூரியிலேயே இரசாயன உதவியாசிரியராகச் சில காலம் பணி செய்தார். அடுத்து யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியரானார். அங்கிருந்தவாறே பயின்று இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றார். 1920ஆம் ஆண்டிலே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமை ஆசிரியர் பதவியை ஏற்றார். 1922ஆம் ஆண்டிலே சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்து, 1924ஆம் ஆண்டிலே துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். ஈழத்திற்கு மீண்டு இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளைப் பேணி வளர்த்தார். 1929ஆம் ஆண்டிலே மட்டக்களப்பு நகரை அடுத்த கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற்றமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். 1943ஆம் ஆண்டிலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற்றமிழ்ப் பேராசிரியருமானார்.

இவ்வாறு, தமிழிலிருந்து விஞ்ஞானத்துக்குச் சென்றவர் மீண்டும் தமிழுக்கே வந்து சேர்ந்தார். அப்படியானால் மருதானையிலே கழித்த காலம் வீணோ என்ற வினா எழக்கூடும். துறை மாறுவோரைப் பற்றி ஊரார் எழுப்பும் வினாவும் இதுவே. இதற்கு விடையாக அவருடைய இரு பணிகள் நிற்கின்றன.

முதலாவது, கலைச்சொல்லாக்கம். விஞ்ஞான பாடங்களைத் தமிழிலே கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் 1930களிலே தமிழ்நாட்டில் வலுப்பெற்றது. அதற்கு முதலில் வேண்டப்பட்டவை சொற்கள். ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகத் தமிழ்ச் சொல் அமைப்பவர்க்கு இரண்டு அறிவு வேண்டும். சொல்லாற் குறிக்கப்படும் பொருளை அவர் கண்ணாற் கண்டிருத்தல் வேண்டும். தமிழின் சொல்லாக்க மரபையும் அறிந்திருத்தல் வேண்டும். தமிழ்ப் புலவர் பலர்க்கு முதலாவது இல்லை. விஞ்ஞானியர் பலர்க்கு இரண்டாவது இல்லை. இரண்டும் ஒருவரிடத்தே அமைந்திருந்தமையால், 1936ஆம் ஆண்டிலே சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டிற்கு விபுலானந்தரே தலைமை தாங்கினார். இரசாயனச் சொற்களை ஆக்கும் பணியிலும் அவர் பங்கு பெரிது. 1938ஆம் ஆண்டிலே சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொற் றொகுதி வெளிவந்தது. உப்பையும் அமிலத்தையும் தம் கையாலே நிறுத்து அளந்த ஒருவர் அம்முயற்சியின் முன்னின்றது தமிழ்செய்த பேறு.

இரண்டாவது, யாழ் நூல். பழந்தமிழர் இசைத்த யாழ் என்னுங் கருவி பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்தது. அதன் உருவை நேரிற் கண்டவர் எவருமிலர். பத்துப்பாட்டிலே அதன் உறுப்புக்களைப் பற்றிய வருணனைகள் உண்டு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே அதன் இலக்கணம் சுருங்க உண்டு. உரையாசிரியர் சில குறிப்புக்களைத் தந்துள்ளனர். பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்பன போன்ற கணக்குகளும் உரைகளிலே காணப்படுகின்றன. புலமை மட்டும் உடையோர் இவற்றைப் படித்துப் பொருள் கூறி அமைந்தனர். விபுலானந்தரோ, அக்கருவியை மீண்டும் செய்து இசைப்பது எங்ஙனம் என்று வினவினார். இது தொழில்நுட்பம் பயின்றவரின் வினாவாகும்.

அவர் கையாண்ட முறையின் அடிப்படையை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். ஒரே பருமனும் ஒரே இறுக்கமும் உடைய நரம்புகளை எடுத்துக்கொள்வோம். 36 அங்குல நீளமுள்ள நரம்பிலே பிறக்கும் ஓசையைக் குரல் என்று வைத்துக்கொண்டால், அதிற் பாதியாகிய 18 அங்குல நரம்பு மேற்றானக் குரலைத் தரும். மூன்றில் இரண்டு பங்காகிய 24 அங்குல நரம்பு இளி என்னும் இசையைத் தரும். நான்கில் மூன்று பங்காகிய 27 அங்குல நரம்பு உழை என்னும் இசையைத் தரும். காதுக்கு இனிமையாகத் தோன்றும் பொருத்தம் யாவும் இவ்வாறு சிறிய எண்களின் விகிதத்திலே அமைகின்றது. ஓசையைப் பற்றிய இப்பௌதிக விதியைக் கைவிளக்காகக் கொண்டு, பழைய நூல்கள் கூறும் பாலைத் திரிபுகளையும் பண்களையும் அவர் கணித்துக் காட்டினார். ஒவ்வோர் இசைக்கும் தனி நரம்பு கட்டப்பெறும் யாழ்க்கருவிக்கு இக்கணக்கு இன்றியமையாதது. நரம்பின் நீளம் பிழைத்தால் பண்ணும் பிழைக்கும்.

பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களால் அமைந்த அந்நூல், 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் அரங்கேறியது. அவர் ஆராய்ச்சியின்படி அமைக்கப்பெற்ற யாழ்கள் அவ்வரங்கிலே இசைக்கப்பெற்றன. நூலிலே மட்டும் வாழ்ந்த கருவி மக்கள் செவிக்கு எட்டிற்று. அதன்பின் ஒன்றரை மாதத்தில், ஜூலை 19ஆம் நாள், விபுலானந்தர் இவ்வுலக வாழ்வை நீத்தார். கல்லடி உப்போடையிலே, தாம் நிறுவிய வித்தியாலயத்தின் வளவிலே அவர் சமாதி அமைந்துள்ளது.

யாழ் நூலைத் தமிழ்ப் பண்டிதர் தனித்து எழுதியிருத்தல் இயலாது. விஞ்ஞான ஆசிரியர் தனித்து எழுதியிருத்தலும் இயலாது. 1916ஆம் ஆண்டிலே ஒருவரே பெற்ற இரு தகுதிகளும் 31 ஆண்டுகளின் பின் ஒரு நூலாய் முதிர்ந்தன என்று கூறுவது மிகையாகாது.

மருதானைக் கல்லூரியும் அதன்பின் பல மாற்றங்களை அடைந்தது. அங்கு வளர்ந்த பொறியியற் பகுதி 1950ஆம் ஆண்டிலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமாயிற்று. 1960ஆம் ஆண்டிலே கட்டுபெத்தையிற் செய்முறைத் தொழில்நுட்ப நிறுவனம் தோன்றியது. அது 1966ஆம் ஆண்டிலே இலங்கைத் தொழில்நுட்பவியற் கல்லூரியாகி, 1972ஆம் ஆண்டிலே பல்கலைக்கழக வளாகமாகி, 1978ஆம் ஆண்டிலே மொறட்டுவைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. கைத்தொழிலுக்குரிய கல்வி, பட்டக்கல்வியின் மதிப்பைப் படிப்படியாக எய்திய வரலாறு இது.

வாவிப் புறத்துக்கும் உயர்கல்வி வந்து சேர்ந்தது. 1981ஆம் ஆண்டிலே வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986ஆம் ஆண்டிலே கிழக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று. காரைதீவிலிருந்து நிந்தவூரைக் கடந்து தெற்கே சென்றால் ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உண்டு. பொறியியற் பீடமும் தொழில்நுட்பவியற் பீடமும் அங்கே இயங்குகின்றன. மயில்வாகனனார் விஞ்ஞான சாலையைத் தேடிக் கொழும்புவரை செல்ல வேண்டியிருந்தது. இன்று அவர் பிறந்த ஊரின் மாணாக்கர்க்குச் சில கட்டை தூரத்திலே அது கிட்டுகின்றது.

2013ஆம் ஆண்டிலே க.பொ.த. உயர்தர வகுப்பிலே தொழில்நுட்பப் பிரிவு புதிதாகச் சேர்க்கப்பட்டது. அப்பிரிவினர் முதன்முறையாகப் பரீட்சைக்குத் தோற்றியது 2015ஆம் ஆண்டிலாகும். பொறியியற் றொழில்நுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் ஒரு பாடம். தொழில்நுட்பவியலுக்கான விஞ்ஞானம் மற்றொரு பாடம். மூன்றாம் பாடத்தைத் தெரிவதில் ஓர் அருமையான இடம் வைக்கப்பட்டுள்ளது: புவியியல், பொருளியல், சித்திரம் ஆகிய கலைப்பாடங்களும் அவ்வரிசையில் உள்ளன. சித்திரத்திலே மனம் பற்றிய மாணவி ஒருத்தி, அதனைக் கைவிடாமலே தொழில்நுட்பம் பயிலலாம் என்பது இதன் பொருள்.

உயர்தரத்திலே கலைப்பிரிவிற் பயின்று முடித்தவர்க்கு, பின்னர் மனம் மாறின், வழி சிறிது நீளமானது, எனினும் அடைபட்டதன்று. அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரிகளிலே தேசியத் தொழிற்றகைமைப் பயிற்சிகள் உண்டு. அத்தகைமைகளிலே படிப்படியாக உயர்வோர், 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பெற்று இரத்மலானையில் இயங்கும் வாழ்க்கைத்தொழில் தொழில்நுட்பவியற் பல்கலைக்கழகத்திலே பட்டம் பெற இடமுண்டு. கையால் வேலை பயின்றவரும் பட்டதாரியாகலாம் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டுள்ளது.

ஆயினும் இம்மாற்றத்துக்குரிய விலையை மறைத்தல் நேர்மையாகாது. துறை மாறுபவர் ஓரிரண்டு ஆண்டுகளை மீண்டும் செலவிட நேரும். தம்மினும் இளையோருடன் ஒரே வாங்கிலே அமர நேரும். படுவான்கரைக் கமக்காரரின் வீட்டிலே, மகன் உழைக்கத் தொடங்கும் நாளை எதிர்பார்த்திருக்கும் தாய்க்கு அவ்விரண்டு ஆண்டு மிக நீண்டது. அன்றியும், பல்கலைக்கழகத்திலே தொழில்நுட்பப் பட்டக்கல்வி ஆங்கிலத்திலே நடைபெறுகின்றது. பதின்மூன்று ஆண்டு தமிழிலே பயின்ற மாணாக்கனை முதலாண்டிலே தடுமாறச் செய்வது பெரும்பாலும் கணிதமன்று, மொழியே. விபுலானந்தர் கலைச்சொல்லாக்கத்திலே உழைத்ததன் நோக்கத்தை இவ்விடத்திலே நினைவுகூர்தல் தகும். முதலிலே தாய்மொழியிற் பொருளைத் தெளிந்தவன், பின்பு பிறமொழிப் பெயரை எளிதிலே ஏற்றுக்கொள்வான். பொருளே தெளியாதவனுக்கு இரு மொழியும் இருளே.

இத்தனை விலை கொடுத்தும் இம்மாற்றம் ஏன் வேண்டும் எனின், வாவிப் புறத்தின் தொழில்களையே நோக்குதல் போதும். வாழைச்சேனையிலே 1950களில் எழுந்த காகித ஆலை, வயல்களிலே எஞ்சிய வைக்கோலைக் காகிதமாக்கியது. அறுவடைக்குப் பின் எரிக்கப்படும் பொருளுக்கு அது ஒரு மதிப்பை உண்டாக்கியது. பிற்காலத்திலே அவ்வாலை நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. மருதமுனையின் கைத்தறிகள் பேர்பெற்றவை. நூலும் சாயமும் சந்தையும் மாறிவரும் காலத்திலே அவற்றுக்கும் புதிய நுட்பம் வேண்டும். நெல்லைக் காயவைத்தல், மீனைப் பதப்படுத்தல், வாவி நீரின் தூய்மையைக் காத்தல் ஆகிய ஒவ்வொன்றிலும், அந்நிலத்தை அறிந்த தொழில்நுட்பவியலார் வேண்டப்படுகின்றனர். இயந்திரத்தை எங்கிருந்தும் வாங்கலாம். வாவியையும் வயலையும் மக்களின் பேச்சையும் அறிந்த மனத்தை வாங்க முடியாது. கலைத்துறையிலிருந்து வருபவன் அம்மனத்தைக் கொண்டுவருகிறான் என்பதை மறத்தல் ஆகாது.

எனவே, துறை மாற விரும்பும் பிள்ளையை நோக்கி, படித்தது வீணாயிற்றே என்று பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. அவர்கள் கேட்கத்தக்க வினா வேறு. முன்பு கற்றதை உன்னுடன் எடுத்துச் செல்கிறாயா, அல்லது கரையிலே போட்டுவிட்டுப் போகிறாயா என்பதே அவ்வினா. எடுத்துச் செல்பவனுக்கு இழப்பு இல்லை. 1915ஆம் ஆண்டிலே காரைதீவு இளைஞர் ஒருவர் மருதானைக்குப் போனபோது தம் தமிழை உடன் கொண்டு போனார். மீண்டு வந்தபோது விஞ்ஞானத்தை உடன் கொண்டு வந்தார். அதன் பயனைத் தமிழுலகம் இன்றும் நுகர்கின்றது.